நம் ஊர் நாளிதழில் எப்போது வரும்?

காலை வணக்கக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள் முடிந்ததும் ஒரு மாணவர் முன்னால் வந்து செய்தி வாசிப்பார். பெரும்பாலும் முதல் பக்கத் தலைப்புகள் மூன்று அல்லது நான்கு. ‘ரெப்போ வட்டி விகிதத்தில் மாற்றமில்லை’ என்று தடுமாறாமல் வாசித்துவிட்டால் நாமும் பாராட்டி அனுப்பிவிடுவோம். வாசித்தவருக்கும் பொருள் தெரியாது, வரிசையில் நின்றவர்களுக்கும் தெரியாது. பல ஆண்டுகள் நானும் இதையே நாளிதழ் வாசிப்பு என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் ஏழாம் வகுப்பில் ஒரு வாரத்துப் பழைய நாளிதழ்களைக் குழுவுக்கு இரண்டாகக் கொடுத்து, “இதில் நம் ஊர்ப் பெயர் எங்கே இருக்கிறது, கண்டுபிடியுங்கள்” என்றேன். பாடவேளை முழுவதும் தேடிய பிறகு இரண்டு துண்டுச் செய்திகள் கிடைத்தன. ஒன்று இருசக்கர வாகன விபத்து. மற்றொன்று சங்கிலிப் பறிப்பு. அப்போது ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், நம்ம ஊர் பேரு பேப்பர்ல வரணும்னா யாராவது செத்தாத்தான் வருமா?”

அன்று என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கி நாங்கள் செய்து பார்த்தவற்றையே இங்கே பகிர்கிறேன்.

குழந்தையா, தேர்வரா?

இளம் வாசகர்களுக்காகத் தமிழ் நாளிதழ்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. வார இணைப்புகளில் கதையும் புதிரும் படமும் வருகின்றன. பொதுத்தேர்வு நெருங்கும்போது மாதிரி வினாத்தாள்கள் வருகின்றன. இரண்டும் தேவையானவைதான். ஆனால் ஒன்று மாணவரைச் சிறு குழந்தையாகப் பார்க்கிறது, மற்றொன்று தேர்வெழுதுபவராகப் பார்க்கிறது. மாணவர் இந்த ஊரில் வாழ்பவரும்கூட. காலைப் பேருந்து ஏன் வரவில்லை, ஏரிக்கு ஏன் தண்ணீர் வரவில்லை, பாதியில் நிற்கும் பாலம் எப்போது முடியும் என்ற கேள்விகள் அவரிடம் இருக்கின்றன. அந்தக் கேள்விகளோடு நாளிதழைத் திறக்கும் மாணவருக்கு அதில் இடம் குறைவு. அதனால்தான் தேர்வு முடிந்ததும் நாளிதழும் கைவிட்டுப் போகிறது.

செய்தி மட்டும் நிற்பதில்லை. கைபேசி வழியாக அது வந்துகொண்டே இருக்கிறது. மழை பெய்தால் ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறை’ என்று யாரோ அனுப்பும் படத்தை நம்பி, மறுநாள் வராமல் இருந்த மாணவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சொன்னவர் யார், எப்போது சொன்னார், எங்கே உறுதி செய்வது என்று கேட்கும் பழக்கத்தை இங்கே வளர்க்க வேண்டும். உள்ளூர்ச் செய்தியில் அதைப் பழகுவது எளிது. சொன்னது சரியா என்று மாணவர் நேரில் போய்ப் பார்க்க முடியும்.

வழி காட்டிய முன்னோடிகள்

1942இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, எளிய சொற்களாலும் சிறிய வாக்கியங்களாலும் புதிதாக எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களையும் நாளிதழ் வாசகர்களாக்கியது. மொழி எளிமையானால் வாசகர் வட்டம் விரியும் என்பது நம் மண்ணிலேயே கண்ட உண்மை.

பிரான்சில் 1995 முதல் வெளிவரும் ‘மோன் கொத்திதியேன்’ பத்து முதல் பதினான்கு வயதினருக்கான நாளிதழ். சுமார் பத்து நிமிடத்தில் படித்து முடிக்கும் அளவுக்குத்தான் அதில் செய்திகள் இருக்கும். செய்திகளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் வாசகச் சிறுவர்களையும் உட்கார வைப்பது அதன் வழக்கம்.

அதே நாட்டில் செலஸ்தேன் பிரெனே என்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர் 1924இல் தம் வகுப்பறைக்கே ஒரு சிறிய அச்சுப்பொறியைக் கொண்டுவந்தார். மாணவர்கள் ஊரைச் சுற்றி நடந்து, கண்டதை எழுதி, தாங்களே அச்சுக் கோத்து வெளியிட்டார்கள். தொலைவிலுள்ள வேறொரு பள்ளிக்கு அனுப்பி, அவர்கள் எழுதியதை இவர்கள் படித்தார்கள். தான் எழுதியதை இன்னொருவர் படிக்கிறார் என்று தெரிந்த குழந்தை, பிறர் எழுதியதையும் கவனித்துப் படிக்கும்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

தொடக்க நிலை: பெரிய எழுத்துத் தலைப்புகளில் தெரிந்த எழுத்துகளையும் சொற்களையும் வட்டமிடச் செய்யலாம். நான்கு, ஐந்தாம் வகுப்பினர் செய்தியின் தொடக்கத்திலுள்ள ஊர்ப்பெயரை வெட்டி, சுவரில் ஒட்டிய மாவட்ட வரைபடத்தில் உரிய இடத்தில் ஒட்டலாம். ஒரு மாதத்தில் எந்த ஒன்றியத்துக்கு எத்தனை செய்தி வந்தது, எந்தப் பகுதி வெறுமையாக இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். காய்கறி, பூ விலைப் பட்டியலை அம்மா கொடுத்த விலையோடு ஒப்பிடுவது நல்ல கணக்குப் பயிற்சி.

நடுநிலை: யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளுக்கும் விடை செய்தியில் இருக்கிறதா என்று ஆறு வண்ணங்களில் அடிக்கோடிடலாம். ‘ஏன்’ என்ற கேள்விக்கு விடை இல்லாத செய்திகளே அதிகம் என்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். அடுத்து, எச்சங்கள் அடுக்கி வரும் ஒரு நீண்ட வாக்கியத்தை நான்கு சிறு வாக்கியங்களாகப் பிரித்து, ஐந்தாம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்குப் படித்துக் காட்டச் சொல்லலாம்.

உயர்நிலை: நாளிதழில் வரும் அணை நீர்மட்டத்தைத் தினமும் குறித்து வரைபடம் வரையலாம். காவிரிப் படுகை மாணவர்களுக்கு மேட்டூர் (120 அடி), மதுரைப் பக்கம் வைகை (71 அடி), ஈரோட்டில் பவானிசாகர் (105 அடி), நெல்லையில் பாபநாசம் (143 அடி), சென்னையில் செம்பரம்பாக்கம் (24 அடி) என்று அவரவர் பகுதி அணையையோ ஏரியையோ எடுத்துக்கொள்ளலாம். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, அதாவது சுமார் 2,832 கோடி லிட்டர். நொடிக்கு ஏறத்தாழ 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் நீர் வந்தால்தான் ஒரு டி.எம்.சி. சேரும். இதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்த்த பிறகு, ‘நீர்வரத்து அதிகரிப்பு’ என்ற தலைப்பை அவர்கள் வாசிக்கும் விதமே மாறிவிடுகிறது.

ஊர்ச் செய்திப் பலகை

எங்கள் ஏழாம் வகுப்பில் அடுத்து ஒரு செய்திப் பலகை வைத்தோம். வாரம் ஒரு குழு, ஊரில் நடந்த ஐந்து செய்திகளை எழுத வேண்டும். விதி ஒன்றுதான்: நேரில் பார்த்திருக்க வேண்டும், அல்லது சொன்னவர் யார் என்று எழுத வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை முடிந்த சமயத்தில் ஏரிக்கு நத்தைகுத்தி நாரைகள் வந்திருந்தன. ஒரு மாணவர் இருநூறு என்று எழுதினார், இன்னொருவர் நாற்பது என்றார். சண்டை முற்றியது. சனிக்கிழமை காலை பெற்றோர் ஒருவருடன் சென்று, கரையை மூன்றாகப் பிரித்துக்கொண்டு, இரண்டு முறை எண்ணினார்கள். அறுபத்தேழு. மீன்பிடிக்கும் பெரியவர் ஒருவரிடம் கேட்டு, முந்தைய ஆண்டும் வந்ததா என்று எழுதிக்கொண்டார்கள்.

அதை அப்படியே பகுதிநேரச் செய்தியாளர் ஒருவருக்கு அனுப்பினோம். பத்து நாள் கழித்து மாவட்டப் பக்கத்தில் நான்கு வரியாக வந்தது. மாணவர் பெயர் எதுவும் இல்லை. ஆனால் அறுபத்தேழு என்ற எண் இருந்தது. அந்தப் பத்து நாளும் நாளிதழ் வந்ததும் மாவட்டப் பக்கத்தை யார் முதலில் பிரிப்பது என்று போட்டி நடந்தது. தேடும்போது பக்கத்து ஊர்ச் செய்திகளையும் படித்துவிட்டார்கள். நான் வற்புறுத்தி வாசிக்க வைத்த எந்த நாளிலும் இது நடந்ததில்லை.

நாளிதழ்களிடம் நாம் கேட்கக்கூடியவை

உள்ளூர்ச் செய்தியாளரை ஒருமுறை பள்ளிக்கு அழைத்து மாணவர்களோடு உரையாட வைக்கலாம். அப்போது மூன்று கோரிக்கைகளை முன்வைக்கலாம். வாரம் ஒருநாள் மாவட்டப் பக்கத்தில் கால் பக்கம் பள்ளி மாணவர்களின் ஊர்ச் செய்திக்கு ஒதுக்கலாம். கடினமான செய்திக்கு அருகில் இரண்டு வரி விளக்கக் கட்டம் தரலாம். மாணவர் கடிதத்தில் சுட்டிக்காட்டும் பிழையைத் திருத்தி வெளியிடலாம். பரிசுப் போட்டிகளைவிட இவற்றுக்குச் செலவு குறைவு. தம் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்று உணரும் மாணவர் நெடுநாள் வாசகராகத் தொடர்வார்.

கவனிக்க வேண்டியவை

வகுப்புக்குக் கொடுக்கும் பக்கங்களை ஆசிரியர் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். குற்றச் செய்திகளை விவாதிக்க நேர்ந்தால், பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டம் 2015, போக்சோ சட்டம் 2012 ஆகிய இரண்டும் விதித்திருப்பதை மேல்வகுப்பினருக்குச் சொல்லலாம். மாணவர் பெயரோ படமோ வெளிவருமானால் பெற்றோரின் ஒப்புதலும் தலைமையாசிரியரின் அனுமதியும் தேவை. ஒரே நாளிதழை மட்டும் வைக்காமல், ஒரே செய்தியை இரண்டு நாளிதழ்களில் ஒப்பிட வைத்தால் சார்பு பற்றிய பாடமும் தானாக நடக்கும்.

நாளிதழ் வாங்கும் வீடுகள் குறைவு. எனவே ‘வீட்டிலிருந்து கொண்டு வா’ என்பதை வீட்டுப்பாடமாக்க வேண்டாம். தேநீர்க் கடை, முடிதிருத்தகம், ஊர்ப்புற நூலகம் ஆகியவற்றில் கேட்டால் முந்தைய வார இதழ்கள் கிடைக்கும். இச்செயல்பாடுகளுக்குப் பழையதே போதும்.

மதிப்பீட்டுக்கு மதிப்பெண் தேவையில்லை. மாத இறுதியில் ஒவ்வொரு மாணவரிடமும் இரண்டு கேள்விகள் கேட்டால் போதும்: இந்த மாதம் நம் மாவட்டத்தைப் பற்றி நீ புதிதாக அறிந்தது என்ன? நம் ஊரைப் பற்றி நாளிதழில் வந்திருக்க வேண்டும், ஆனால் வராதது எது?

இரண்டாவது கேள்விக்கு வரும் விடைகளை எடுத்து வையுங்கள். அடுத்த மாதச் செய்திப் பலகைக்கு அவையே தலைப்புகள்.