மீன் தொட்டிக்குத் தானாகத் தண்ணீர் ஊற்றும் கருவி: நீங்களே செய்யலாம்!

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. புரோகிராம் எழுதவும் ஆசை. ஆனால் திரையில் "வணக்கம்" என்று வரவழைத்ததும் பலருக்கு ஆர்வம் வடிந்துவிடுகிறது. இந்த மாதம் திரைக்கு வெளியே வேலை செய்யும் ஒரு சின்ன புரோகிராமைப் பார்ப்போம். வீட்டு மீன் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் அது தானாக ஊற்றும்.

இதற்கு ஒரு கருவி தேவையா என்று கேட்கலாம். இரண்டு அடி நீளம், ஓர் அடி அகலமுள்ள தொட்டியின் பரப்பு 60 x 30, அதாவது 1,800 சதுர செ.மீ. திண்டுக்கல் சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு அரை செ.மீ. ஆவியானால் 900 மி.லி. போய்விடும். நான்கு நாள் ஊருக்குப் போய் வந்தால் மட்டம் 2 செ.மீ. இறங்கியிருக்கும். விளிம்பில் தொங்கும் பில்டர் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும். மோட்டார் வீணாகும், அடுத்து மீன்கள் மூச்சுக்குத் திணறும்.

எந்தத் தண்ணீர்?

கருவியைவிட இதுதான் முக்கியம். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். தொட்டியில் 50 லிட்டர் போர்வெல் தண்ணீர் இருக்கிறது, அதன் டி.டி.எஸ். அளவு 800 என்று வைத்துக்கொள்வோம். தினம் ஒரு லிட்டர் குறைகிறது, அதே போர்வெல் தண்ணீரை ஊற்றி நிரப்புகிறோம். ஐம்பதாவது நாள் டி.டி.எஸ். 1,600 ஆகிவிடும். பார்வைக்குத் தெளிவாக இருக்கும் தண்ணீரில் மீன் ஏன் செத்தது என்று தெரியாமல் விழிப்போம். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளை ஒட்டிய பகுதிகளில் நிலத்தடி நீரில் உப்பு இன்னும் அதிகம்.

ஆகவே குறைந்ததை ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீர் அல்லது சுத்தமாகப் பிடித்த மழைநீர் நல்லது. ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் கழிவு நீரை மட்டும் ஊற்றாதீர்கள். உப்பெல்லாம் சேர்ந்து வருவது அதில்தான். குழாயில் வரும் ஆத்தூர் அணைத் தண்ணீரோ காவிரித் தண்ணீரோ என்றால், குளோரின் போக ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருந்து ஊற்றுங்கள். இன்னொன்று, இந்தக் கருவி வந்துவிட்டது என்பதற்காக வாரந்தோறும் கால் பங்கு தண்ணீர் மாற்றுவதை நிறுத்திவிடக் கூடாது. மீன் கழிவு ஆவியாகாது.

என்னென்ன வேண்டும்?

ஆர்டுயினோ ஊனோ போர்டு (2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்காக உருவான போர்டு வரிசை இது), மிதவை சுவிட்ச், ரிலே மாட்யூல், 5 வோல்ட் சிறு நீர்மூழ்கி மோட்டார், பழைய மொபைல் சார்ஜர், 5 லிட்டர் கேன், மெல்லிய பிளாஸ்டிக் குழாய். விலை கடைக்குக் கடை மாறும். ஒரிஜினல் போர்டுக்குப் பதில் நகல் போர்டு வாங்கினால் ஆயிரம் ரூபாயையொட்டி முடித்துவிடலாம். நகல் போர்டை கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை என்றால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் சிஹெச்340 டிரைவரை இன்ஸ்டால் செய்தால் சரியாகிவிடும்.

மிதவை சுவிட்சின் ஒரு ஒயரை கிரவுண்டிலும் மற்றதை 2-ஆம் பின்னிலும் இணையுங்கள். தண்ணீர் குறைந்தால் சுவிட்ச் மூட வேண்டும், நிறைந்தால் திறக்க வேண்டும். உங்கள் சுவிட்ச் எதிர்மாறாக வேலை செய்தால் மிதவையைக் கழற்றித் திருப்பி மாட்டுங்கள். ஏன் இப்படி? நாளைக்கே ஒயர் அறுந்தால் போர்டு அதை "தண்ணீர் நிறைந்திருக்கிறது" என்று எடுத்துக்கொண்டு மோட்டாரைப் போடாமல் இருக்கும். தண்ணீர் குறைவது மெதுவாக நடக்கும், வீடு நனைவது ஒரே நொடியில் நடக்கும்!

மோட்டாரை போர்டின் பின்னில் நேராக இணைக்கக் கூடாது. ஒரு பின் 20 மில்லி ஆம்பியர் அளவுக்குத்தான் தாங்கும். சார்ஜரிலிருந்து வரும் மின்சாரம் ரிலேயின் 'என்.ஓ.' முனை வழியாக மோட்டாருக்குப் போகட்டும். குழாயின் முனை தொட்டித் தண்ணீரில் முங்கக் கூடாது, கேனில் உள்ள தண்ணீர் மட்டம் அந்த முனையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். இதைக் கவனிக்காவிட்டால் மோட்டார் நின்ற பிறகும் தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தானாக ஓடிக்கொண்டே இருக்கும்.

புரோகிராம்

முதலில் ஓர் அளவு எடுங்கள். தொட்டி விளிம்பின் உயரத்தில் பிடித்த பாட்டில் ஒரு லிட்டர் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது? 60 விநாடி என்று வைத்துக்கொள்வோம்.

ஆர்டுயினோ மென்பொருளைத் திறந்து டூல்ஸ் மெனுவில் போர்டையும் போர்ட்டையும் தேர்ந்தெடுங்கள். 2-ஆம் பின்னை 'இன்புட் புல்லப்' என்று அமையுங்கள். லூப் பகுதியில் எழுத வேண்டிய கணக்கு இதுதான். பின் 'லோ' என்று காட்டினால் உடனே மோட்டாரைப் போடாமல் 10 விநாடி பாருங்கள், பில்டர் எழுப்பும் அலையில் மிதவை ஆடிக்கொண்டிருக்கலாம். பத்து விநாடியும் தொடர்ந்து 'லோ' என்றால் மோட்டாரைப் போடுங்கள். 'ஹை' ஆனதும் நிறுத்திவிட்டு, ஆறு மணி நேரத்துக்குத் திரும்பத் தொடாதீர்கள். 40 விநாடி ஓடியும் 'ஹை' வரவில்லை என்றால் மிதவையில் பாசி படிந்து சிக்கியிருக்கிறது, அல்லது கேன் காலி. அப்போது மோட்டாரை நிறுத்தி, 13-ஆம் பின்னில் உள்ள விளக்கை மின்னவிட்டு, நீங்கள் வந்து ரீசெட் செய்யும் வரை புரோகிராமைப் பூட்டிவிடுங்கள். திண்டுக்கல்காரருக்குப் பூட்டின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. (சில ரிலேக்கள் 'லோ' கொடுத்தால்தான் இயங்கும், முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.)

இந்தப் பூட்டிலும் ஓர் ஓட்டை உண்டு. கரண்ட் போய் வந்தால் போர்டு எல்லாவற்றையும் மறந்து முதலிலிருந்து தொடங்கும். அதனால் கடைசிக் காவல் புரோகிராமில் இல்லை, கேனின் அளவில்தான் இருக்கிறது. 5 லிட்டரும் மொத்தமாகக் கொட்டினாலும் 5,000-ஐ 1,800-ஆல் வகுத்தால் மட்டம் 2.8 செ.மீ.தான் உயரும். வழக்கமான மட்டத்தை விளிம்புக்கு 4 செ.மீ. கீழே வைத்திருந்தால் ஒரு சொட்டும் வெளியே வழியாது. 20 லிட்டர் கேன் வைத்தால் அடிக்கடி நிரப்ப வேண்டாமே என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை தொட்டிக்குக் கீழே தரையில் போடுவதும் வேண்டாம். சுவரில் மேலே மாட்டி, ஒயர் ஒருமுறை கீழே தொங்கி மேலேறும்படி விடுங்கள். ஒயர் வழியே வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

தொட்டியில் பொருத்தும் முன் மூன்று நாள் ஒரு வாளியில் ஓட்டிப் பாருங்கள். மிதவையைக் கையால் கீழே அழுத்திப் பிடியுங்கள். மோட்டார் ஓடத் தொடங்கிய 40 விநாடியில் நின்று விளக்கு மின்ன வேண்டும். அடுத்து சுவிட்ச் ஒயரைக் கழற்றுங்கள், மோட்டார் ஓடவே கூடாது. இரண்டு சோதனையிலும் தேறினால் மீன்களிடம் கொண்டுபோகலாம்.