விடாமுயற்சியும் நற்பழக்கமும்: ஓர் அச்சுத் தொழிலாளியின் வாழ்வு தரும் பாடம்

ஒருவர் தொழிலில் முன்னேறினால் “அவருக்குக் கைராசி” என்கிறோம். இன்னொருவர் திறந்த கடை ஆறு மாதத்தில் மூடப்பட்டால் “இடம் சரியில்லை, காலம் சரியில்லை” என்கிறோம். இடமும் காலமும் முக்கியமானவைதாம். முதலும் வேண்டும். ஆயினும் இவையெல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாய் அமைந்த இருவரில் ஒருவர் நிலைக்கிறார், மற்றவர் விழுகிறார். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

முதல் நாள் உற்சாகம் எல்லாரிடமும் உண்டு. புதுக்கடை திறக்கும் நாளில் சோம்பேறி எவருமில்லை. காப்புறுதி முகவராக வேலை தொடங்கும் இளைஞன் முதற் கிழமையில் இருபது வீட்டுப் படி ஏறுகிறான். பெரும்பாலான வீடுகளில் “பிறகு பார்ப்போம் தம்பி” என்ற பதிலே கிடைக்கிறது. இரண்டாம் கிழமையில் அவன் எத்தனை படி ஏறுவான்? அவன் தொழில் நிலைக்குமா என்பது அங்கேதான் தீர்மானமாகிறது. உற்சாகம் ஓய்ந்த பின்பும் மனிதனை வேலைக்கு அழைத்துச் செல்வது பழக்கம். அப்பழக்கம் தானாக வருவதில்லை. கணக்கு வைத்து வளர்க்கப்பட வேண்டியது. இந்த உண்மையை ஓர் அச்சுத் தொழிலாளியின் வாழ்விலிருந்து படிப்போம்.

மெழுகுதிரிக் கடையிலிருந்து அச்சகத்துக்கு

பெஞ்சமின் பிராங்கிளின் 1706ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் பிறந்தார். அந்நாடு அப்போது பிரித்தானியரின் குடியேற்றமாக இருந்தது. தந்தை மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்து விற்றவர். பதினேழு பிள்ளைகள் பிறந்த குடும்பத்தில் இவர் பதினைந்தாவது பிள்ளை. பள்ளிக்கூடம் சென்றது இரண்டு ஆண்டுகள்கூட இல்லை. பத்து வயதில் தந்தையின் கடையில் உதவிக்கு நின்றார். பன்னிரண்டு வயதில் தமையனின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். தமையனுடன் ஒத்துப்போகாமல் 1723இல் ஊரைவிட்டு ஓடி, பிலடெல்பியா நகரை அடைந்தபோது கையில் இருந்தது சொற்பக் காசு. அந்த நகரில் அவருக்கு அறிமுகமானவர் ஒருவருமில்லை.

1728இல் ஒரு பங்காளியுடன் சொந்த அச்சகம் தொடங்கினார். பங்காளியின் தகப்பன் பணம் போட்டார். நகரில் ஏற்கெனவே இரண்டு அச்சகங்கள் இருந்தன. மூன்றாவதற்கு வேலை ஏது, இது விழுந்துவிடும் என்று நகர வியாபாரிகள் தங்கள் மாலைக் கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள்.

இரவில் சிதறிய எழுத்துகள்

அக்காலத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து, வரியாக அடுக்கி, பக்கமாகக் கட்டியே அச்சிட்டார்கள். அச்சிட்டு முடிந்ததும் அந்த எழுத்துகளை மறுபடியும் அதனதன் அறையில் பிரித்துப் போடவேண்டும். அப்போதுதான் மறுநாள் வேலைக்கு எழுத்து இருக்கும்.

பிராங்கிளினுக்குக் கிடைத்த முதற் பெரிய வேலை, குவேக்கர் என்னும் சமயக் குழுவினரின் வரலாற்று நூலில் நாற்பது தாள்களை அச்சிடுவது. நாளொன்றுக்கு ஒரு தாள் அச்சுக்கோப்பது என்று தமக்குத் தாமே அளவு வகுத்துக்கொண்டார். இடையிடையே சில்லறை வேலைகளும் வரும். ஆகவே எழுத்துகளைப் பிரித்துப் போட்டு முடிக்கப் பலநாட்களில் இரவு பதினொரு மணியாகிவிடும். ஒருநாள் இரவு அன்றைய வேலை முடிந்ததென்று நினைத்திருக்கையில், கட்டி வைத்த பகுதியொன்று தற்செயலாகக் குலைந்து, இரண்டு பக்க எழுத்துகள் கலந்து குவியலாயின. அவர் நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லவில்லை. அந்த இரவிலேயே எழுத்துகளைப் பிரித்துப் போட்டு, இரண்டு பக்கத்தையும் புதிதாக அடுக்கிய பின்பே படுக்கைக்குப் போனார்.

இதை அயலவர்கள் கவனித்தார்கள். இந்த அச்சகம் விழுந்துவிடும் என்று பேசிய அதே கூட்டத்தில் ஒரு வைத்தியர் மறுத்துப் பேசினார். தாம் இரவில் வீடு திரும்பும்போதும் அந்த இளைஞன் வேலை செய்கிறான், விடியற்காலையில் அயலவர் எழும்புமுன்பும் வேலை செய்கிறான் என்று அவர் சொன்னாராம். சிறிது காலத்தில் அந்த வியாபாரிகளுள் ஒருவர், காகிதம் முதலிய பொருட்களைத் தரத் தாமாகவே முன்வந்தார்.

வியாபாரத்தில் நம்பிக்கை என்பது இப்படித்தான் பிறக்கிறது. “என்னை நம்புங்கள்” என்று வாயால் கேட்டு வாங்கக்கூடியதன்று அது. நாள்தோறும் செய்வதைப் பிறர் கண்டு, அவர்களாகவே தருவது.

கேட்கப்படாத வேலையும் விற்பனையே

அப்போது மாகாணச் சட்டசபையின் அச்சுவேலை முழுவதும் மற்றோர் அச்சகத்தாரிடம் இருந்தது. ஆளுநருக்குச் சட்டசபை சமர்ப்பித்த ஓர் உரையை அவர்கள் பிழைகள் மலிய அச்சிட்டிருந்தார்கள். பிராங்கிளின் அதைக் குறைகூறிக்கொண்டு திரியவில்லை. அதே உரையை அழகாகவும் பிழையின்றியும் தாமே அச்சிட்டு, சபை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி அனுப்பினார். உறுப்பினர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டுக்குரிய அச்சுவேலை இவர்களுக்குக் கிடைத்தது.

வெற்றி வந்தபின்பும் பழக்கம் மாறவில்லை. எளிய உடை உடுத்தினார். வீண்பொழுது போகும் இடங்களில் அவரைக் காணமுடியாது. வாங்கிய காகிதத்தைச் சில வேளைகளில் தாமே தள்ளுவண்டியில் வைத்து வீதிவழியே தள்ளிக்கொண்டு வந்தார். தொழிலுக்கு வெட்கப்படாதவர் என்பதை ஊர் அறிந்தது.

இதற்கு எதிரான உதாரணமும் அந்த நகரிலேயே இருந்தது. முன்னர் பிராங்கிளினிடம் வேலை பழகிய டேவிட் ஹரி என்பவர் தாமும் ஓர் அச்சகம் நடத்தினார். வசதியான நண்பர்கள் அவருக்கு இருந்ததால் பிராங்கிளின் முதலில் பயந்தே போனார். பங்கு சேர்வோம் என்று கேட்டும் பார்த்தார். ஹரி அதை இகழ்ச்சியாக மறுத்துவிட்டார். கனவான்போல் உடுத்தி, ஆடம்பரமாக வாழ்ந்து, கடன்பட்டு, வேலையைக் கவனியாமல் விட்டார். வாடிக்கையாளர் ஒவ்வொருவராய் விலகினார்கள். கடைசியில் அச்சகத்தைத் தூக்கிக்கொண்டு பார்படோஸ் தீவுக்குப் போனார். அங்கும் கடன் பெருகி, அச்செழுத்துகளையும் விற்க நேர்ந்தது. ஹரிக்குத் திறமையும் ஆள்பலமும் இருந்தன. பழக்கம் மட்டும் இல்லை.

பதின்மூன்று நற்குணங்களின் கொப்பி

1730ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் பிராங்கிளின் தம் குணத்தைத் திருத்த ஒரு முறை வகுத்தார். அளவாய் உண்ணல், வீண்பேச்சு விடல், ஒழுங்கு, மனவுறுதி, சிக்கனம், உழைப்பு, உண்மை, நீதி, மிதம், தூய்மை, அமைதி, கற்பு, தாழ்ச்சி எனப் பதின்மூன்று நற்குணங்களை எழுதிக்கொண்டார். ஒரு சிறு கொப்பியில் சிவப்பு மையால் கோடிட்டு, கிழமையின் ஏழு நாட்களுக்கும் ஏழு நிரல்கள் அமைத்தார். இரவில் அன்றைய நாளைச் சிந்தித்து, தவறிய குணத்துக்கு நேரே ஒரு கறுப்புப் புள்ளி இட்டார்.

அவருடைய முறையின் பலம் எங்கே இருந்தது? பதின்மூன்றையும் ஒரே நாளில் பிடிக்க அவர் முயலவில்லை. கிழமைக்கு ஒன்றையே முக்கியமாய்க் கவனித்தார். பதின்மூன்று கிழமையில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று. புற்பூண்டு நிறைந்த தோட்டத்தைத் துப்புரவாக்குகிறவன் ஒவ்வொரு பாத்தியாகத்தான் செய்வான் என்பது அவர் கருத்து.

கத்தோலிக்கருக்கு இது புதுமையானதன்று. லொயோலா புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகள் 1548இல் அச்சேறிய நூல். அதில் தனி ஆன்மசோதனை என்னும் முறை உண்டு. திருத்த விரும்பும் ஒரே ஒரு குறையைத் தெரிந்துகொண்டு, காலையில் அதை நினைத்துத் தீர்மானம் செய்து, மதியமும் இரவும் எத்தனை முறை தவறினோம் என்று கோட்டில் புள்ளியிட்டு, நாளை நாளோடும் கிழமையைக் கிழமையோடும் ஒப்பிடும்படி அவர் கற்பிக்கிறார். பிராங்கிளின் கத்தோலிக்கரல்லர். ஆயினும் இருவரும் கண்ட உண்மை ஒன்றே: எண்ணிப் பாராத குறை திருந்துவதில்லை.

புள்ளிகள் குறையவில்லையே!

தம்மிடம் எண்ணியதைவிட அதிகக் குறைகள் இருப்பதைக் கண்டு பிராங்கிளின் வியப்படைந்தார். புதிய சுற்றுத் தொடங்குமுன் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டிக் கொப்பி துளை விழுந்துபோயிற்று. பிறகு ஈரப்பஞ்சால் துடைக்கக்கூடிய தந்த ஏடுகளுக்கு மாறினார். எல்லாவற்றிலும் அவரைத் தோற்கடித்தது ஒழுங்கு. பொருட்களை உரிய இடத்தில் வைப்பதும், நேரத்தை வகுத்தபடி நடத்துவதும் அவருக்குக் கடைசிவரை கைவரவில்லை. முதுமையில் தம் வரலாற்றை எழுதுகையில் இதை அவர் மறைக்கவில்லை.

அங்கே ஒரு கதை சொல்கிறார். ஒருவன் கொல்லனிடம் கோடரி வாங்கி, அதன் முகம் முழுவதும் விளிம்பைப்போல் பளபளக்க வேண்டும் என்றான். சாணைச் சக்கரத்தை நீ சுற்றினால் தீட்டித் தருவேன் என்றான் கொல்லன். சிறிது நேரம் சுற்றிக் களைத்தவன், போதும், புள்ளியுள்ள கோடரிதான் எனக்குப் பிடித்தது என்று சொல்லிவிட்டானாம். களைப்பை விருப்பமென்று பெயர் மாற்றிக்கொள்வது மனித இயல்பு. “எனக்கு விற்பனை சரிவராது”, “எனக்குக் கணக்கு ஓடாது” என்று நாம் சொல்லும்போது சக்கரத்தைச் சுற்றிக் களைத்த கைதான் பேசுகிறதோ என்று கேட்டுப் பார்க்கவேண்டும். நிறைவை அடையாவிட்டாலும், முயன்றதால் முன்னையிலும் நல்லவனாகவும் மகிழ்ச்சியுள்ளவனாகவும் ஆனேன் என்பதே பிராங்கிளினின் முடிவு.

தாழ்ச்சி முதற் பட்டியலில் இருக்கவில்லை. “உன்னைப் பலர் கர்வி என்கிறார்கள்” என்று ஒரு நண்பர் எடுத்துச் சொன்னபின் அதையும் சேர்த்தார். “நிச்சயமாக”, “சந்தேகமில்லாமல்” போன்ற சொற்களை விட்டு, “எனக்கு இப்படித் தோன்றுகிறது” என்று பேசப் பழகினார். அவர் சொல்லைக் கேட்பவர்கள் தொகை அதனால் கூடியது. பொருள் விற்பவர் எவரும் இதை மனத்தில் வைப்பது நல்லது. வாடிக்கையாளரை வாதத்தில் வென்றவர் பெரும்பாலும் விற்பனையில் தோற்கிறார்.

கணக்கு வைத்த ஒரு விதவை

1733இல் பிராங்கிளின் தம் தொழிலாளி ஒருவரைப் பங்காளியாக்கித் தென் கரோலைனாவுக்கு அனுப்பினார். அவர் நேர்மையானவர், படித்தவர். ஆனால் கணக்கு எழுதத் தெரியாதவர். பணம் வரும், கணக்கு வராது. 1738இல் அவர் இறந்தார். அவர் மனைவி எலிசபெத் திமோத்தி, ஒல்லாந்தில் வளர்ந்து அங்கே கணக்கு எழுதப் பழகியவர். கைக்குழந்தைகளோடு நின்ற நிலையிலும், அச்சகத்தையும் அதன் செய்தித்தாளையும் தாமே ஏற்று நடத்தினார். மூன்று மாதத்துக்கொரு முறை தவறாமல் தெளிவான கணக்கு அனுப்பினார். பிள்ளைகளை வளர்த்து, ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அச்சகத்தைச் சொந்தமாகவே வாங்கி மகனிடம் ஒப்படைத்தார். பெண்பிள்ளைகளுக்குக் கணக்கு கற்பிப்பது மற்றக் கலைகளிலும் பயனுள்ளது என்று இதைக் கண்டே பிராங்கிளின் எழுதினார்.

கொப்பியில் விழாத புள்ளி

1748இல், நாற்பத்திரண்டு வயதில், அச்சக நிருவாகத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்து ஓய்வுபெறும் அளவுக்குப் பிராங்கிளின் செல்வந்தரானார். ஆனால் முழு உண்மையையும் சொல்லவேண்டும். நீதி என்ற சொல் எழுதியிருந்த அதே காலத்தில் அவர் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். அடிமை விற்பனை விளம்பரங்கள் அவர் பத்திரிகையில் வெளியாயின. வாழ்வின் இறுதியில்தான் அவர் மனம் மாறினார். 1787இல் பென்சில்வேனிய அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பெப்ரவரியில் அடிமை முறையை எதிர்த்து அமெரிக்கக் காங்கிரசுக்கு அனுப்பிய மனுவில் கையொப்பமிட்டார். இரண்டு மாதங்களின் பின் காலமானார்.

இதுவும் நமக்குப் பாடமே. தன் முன்னேற்றத்தை மட்டும் எண்ணும் கொப்பி, மற்றவனுடைய துன்பத்தை எண்ண மறந்துவிடும். கடைச் சிப்பந்தியின் சம்பளம், தராசின் நேர்மை, கடன் வாங்கிய ஏழையின் கண்ணீர் ஆகியவற்றுக்கும் நம் கொப்பியில் ஒரு வரி இருக்கவேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, ஒரு கிழமைக்கு ஒரு பழக்கத்தை மட்டும் எடுங்கள். குறித்த நேரத்தில் கடை திறப்பதோ, வாக்களித்த நாளில் தைத்த துணியைக் கொடுப்பதோ, எதுவாயினும் சரி.

இரண்டாவது, விற்பனையை மட்டுமன்றி முயற்சியையும் எண்ணுங்கள். எவர் வாங்குவார் என்பது நம் கையில் இல்லை. எத்தனை பேரைச் சந்திப்போம் என்பது நம் கையில் உண்டு.

மூன்றாவது, “பிறகு பாருங்கள்” என்றவரின் பெயருக்கு நேரே ஒரு திகதி எழுதுங்கள். அந்தத் திகதியில் போங்கள். அவர் மறுபடியும் மறுத்தால் முகம் சுளிக்காமல் திரும்புங்கள்.

நான்காவது, இரவில் கணக்கு எழுதாமல் படுக்காதீர்கள். வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் கலக்காதீர்கள்.

ஐந்தாவது, ஒருநாள் தவறினால் கொப்பியை மூடிவிடாமல், புள்ளியை இட்டுவிட்டு மறுநாள் தொடருங்கள்.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது நம்மவர் பழமொழி. அந்த அடிகளை நாள்தோறும் எண்ணிவர ஒரு சிறு கொப்பியும் ஒரு பென்சிலும் போதும்.

குடும்பமாகச் சிந்திக்க

1. இரண்டு பக்க எழுத்துகள் குலைந்த அந்த இரவில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்?

2. களைப்பினால் கைவிட்டதை விருப்பமின்மை என்று நாம் பெயரிட்ட காரியம் ஏதும் உண்டா?

3. நம் வீட்டுக் கணக்கை எழுத நம் பிள்ளைகளுக்கு, சிறப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, கற்பித்திருக்கிறோமா?

4. நம் உழைப்பின் கொப்பியில் மற்றவர்களுக்காக எழுதப்படவேண்டிய வரி எது?