கைப்பேசியில் ஒரு கடை

பால்வெட்டு முடிந்த பின் முறுக்கும் அதிரசமும் செய்து விற்கும் தாய்மார்கள் நம் தோட்டங்களில் பலர் உளர். லயத்து வீடுகளுக்குள் மட்டுமே விற்றால் வாங்குவோர் தொகை பெருகுவதில்லை. 2018-இல் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். பண்டத்தின் படம், எடை, விலை ஆகியவற்றை அதன் பட்டியலில் பதித்து வைக்கலாம். விலையை மறைத்து, 'தனியே கேளுங்கள்' என்று எழுதும் வழக்கத்தை நாம் விரும்புவதில்லை. கேட்கக் கூச்சப்படுவோர் அகன்றுவிடுவர்.

ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் வசதியோ, நம் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்போரையே எட்டும். தீபாவளிக்கு முன் நூறு பேருக்கு அனுப்பியும் ஒருவர்கூடக் கேட்கவில்லையே என்று வருந்துவோர் இதனை அறிதல் வேண்டும். முறுக்குப் பொட்டலத்தின் மேலேயே எண்ணை ஒட்டி, பதிந்துகொள்ளுமாறு கேட்பது நலம்.

பணம் செலுத்தியதாக வரும் ரசீதுப் படத்தை மட்டும் நம்பிப் பொருளைக் கொடுத்துவிடலாகாது. போலிப் படம் செய்வது எளிது. வங்கிக் கணக்கில் தொகை சேர்ந்ததைக் கண்ட பின்னரே பொட்டலம் வீட்டைவிட்டுப் புறப்படட்டும்.

தீபகற்ப மலேசியாவில், தொழில் தொடங்கிய 30 நாட்களுக்குள் எஸ்.எஸ்.எம். அலுவலகத்தில் பதிய வேண்டும் என்கிறது 1956-ஆம் ஆண்டுச் சட்டம். சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி. கடைக்கு வேறு பெயர் சூட்டினால் 60 வெள்ளி.