சிறிய கூடத்தில் கணப்பு: நெருப்புக்கு முன் காற்று

மின்விசிறி இல்லாமல் ஒரு பொழுதும் கழியாத தம்பானூரில் இருந்துகொண்டு இவர் கணப்பைப் பற்றி எழுதுகிறாரே என்று அன்பர்கள் நகைக்கலாம். ஆனால் நம் உறுப்பினர்களில் மூணாறு, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் சிறு வீடு வாங்கியவர்கள் உண்டு. விடுமுறைக்கு அங்கே போய்த் தங்குகிறவர்களும் உண்டு. குளிர்காலத்தில் மூணாறில் சில இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்தையே தொட்டுவிடுகிறது. கூடத்தில் ஒரு கணப்பு இருந்தால் நன்றாயிருக்குமே என்ற ஆசை நியாயமானதுதான். அதைப் பத்திரமாக அமைப்பது எப்படி என்பதே இக்கட்டுரை.

இதை நான் விளையாட்டாக எழுதவில்லை. 2020 ஜனவரி 21 அன்று நேபாளத்தின் டாமன் என்னும் மலையூரில், விடுதி அறையில் உறங்கிய கேரளத்தவர் 8 பேர் மயங்கிய நிலையில் காணப்பட்டு இறந்தனர். அவர்களில் 4 பேர் குழந்தைகள். 5 பேர் நம் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த ஒரே குடும்பத்தினர். கதவும் சன்னலும் அடைத்த அறையில் எரிந்த எரிவாயு ஹீட்டரே காரணம் என்று கருதப்பட்டது. எரிவாயுவானாலும் விறகானாலும் கரியானாலும் விதி ஒன்றுதான். நெருப்புக்குக் காற்று உள்ளே வர ஒரு வழி வேண்டும். புகை வெளியே போக இன்னொரு வழி வேண்டும்.

புகை ஏன் மேலே போகிறது? சூடான காற்று லேசானது. வெளியே உள்ள குளிர்ந்த காற்று கனமானது. இந்த எடை வித்தியாசமே இழுப்பு. 5 மீட்டர் உயரமுள்ள புகைபோக்கியில் புகையின் வெப்பம் 200 டிகிரி, வெளிக்காற்று 10 டிகிரி என்றால் கிடைக்கும் இழுப்பு சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீர்மட்ட அழுத்தந்தான். மிக மெல்லிய விசை இது. பக்கத்துச் சமையலறையில் ஒரு எக்ஸாஸ்ட் விசிறி ஓடினாலே புகை திரும்பிக் கூடத்துக்குள் வந்துவிடும்.

நீராவி எஞ்சினின் புகைபோக்கி குட்டையாக இருந்தும் நெருப்பு சீறி எரிந்ததை ரயில்வேயில் இருந்தவர்கள் அறிவார்கள். சிலிண்டரில் வேலை முடித்த நீராவியைப் புகைபோக்கியின் அடியில் பீச்சிப் புகையை இழுப்பார்கள். வண்டி நிற்கும்போது புளோயர் என்னும் பீச்சுக்குழாயைத் திறப்பார்கள். வீட்டுக் கணப்புக்கு அந்த உதவி கிடையாது. அதற்கு உயரமும் சூடுமே துணை. ஆகவே அடுப்பிலிருந்து உச்சிவரை 15 அடியாவது இருக்கட்டும். கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து 3 அடியும், சுற்றிலும் 10 அடிக்குள் உள்ள எந்தக் கூரைப் பகுதியையும்விட 2 அடியும் உயர்ந்திருக்க வேண்டும்.

திறந்த கணப்பு கண்ணுக்கு அழகு. ஆனால் சூட்டில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். அறைக்குத் தேறுவது நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்குதான். அதற்குள் பொருத்தும் இன்செர்ட் என்னும் கண்ணாடிக் கதவு போட்ட இரும்புப் பெட்டி, நூற்றுக்கு 60 முதல் 70 பங்கு வரை சூட்டைத் தரும். மணிக்கு ஒன்றரைக் கிலோ காய்ந்த விறகு எரித்தால் இன்செர்ட்டில் சுமார் 4 கிலோவாட் சூடு கிடைக்கும். திறந்த கணப்பில் முக்கால் கிலோவாட் தேறினால் பெரிது. 12 அடிக்கு 12 அடி கூடத்துக்கு அந்த 4 கிலோவாட் தாராளம். பெரிய பெட்டியை வாங்கிக் காற்றைக் குறைத்து எரித்தால் தார் படியும். பிறகு அந்தத் தாரே தீப்பிடிக்கும்.

அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். திறந்த கணப்பானால் வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு புகைவழிக்கு வேண்டும். 60 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் வாய்க்கு 8 அங்குலக் குழாய் பொருந்தும். புகைவழிப் பரப்பில் பாதியளவுக்கு, அதாவது 6 அங்குலத்துக்கு 4 அங்குலம், அடைக்க முடியாத காற்றுத் துவாரம் வெளிச்சுவரில் இருக்க வேண்டும். குளிர் வருகிறதென்று அதில் துணி திணிப்பது தற்கொலைக்கு ஒப்பாகும். இன்செர்ட் வைப்பவர்கள் அதன் குழாயைப் பழைய செங்கல் புகைபோக்கியின் அடியில் விட்டுவிடாமல், ஸ்டீல் குழாயாக உச்சிவரை கொண்டுபோக வேண்டும். இல்லையேல் புகை பாதியிலேயே குளிர்ந்து தாராகிவிடும். மரக்கூரையையோ மரப்பலகைத் தரையையோ சூடான குழாய் நெருங்கவே கூடாது.

அடுத்தது விறகு. பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். யூகலிப்டஸானாலும் சீகையானாலும் பிளந்து, மழை படாமல், காற்றோட்டமான இடத்தில் அடுக்கி ஓராண்டு காயவைத்தபின் எரிப்பது நலம்.

முதன்முதல் பற்றவைக்குமுன் ஒரு எளிய சோதனை. கதவு சன்னல்களை அடைத்து, சமையலறை விசிறியை ஓடவிட்டு, கணப்பின் வாயில் ஓர் ஊதுவத்தியைப் பிடியுங்கள். புகை மேலே இழுக்கப்பட்டால் நல்லது. கூடத்துக்குள் வந்தால் விசிறியை நிறுத்தி, காகிதச் சுருள் ஒன்றைக் கொளுத்தி மேலே காட்டிப் புகைவழியைச் சூடாக்கி மீண்டும் பாருங்கள். அப்போதும் உள்ளே வந்தால் நெருப்பு வைக்காதீர்கள், கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

பலரும் அறியாத ஒன்று: கொழுந்துவிட்டு எரியும் நெருப்பைவிட அணையப்போகும் தணலே பொல்லாதது. தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு நிறைய வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்குமேல் இறுகப் பற்றும். அந்த நேரத்தில் புகைபோக்கியும் குளிர்ந்து இழுப்பு குறைந்திருக்கும். சூடு வீணாகிறதென்று தணல் இருக்கும்போதே டாம்பர் தகட்டை மூடிவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். கரிச்சட்டியைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகும் வழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள்.

ஆண்டுக்கொரு முறை புகைபோக்கியைத் துடைப்பியுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணி ஒன்றைப் படுக்கையறைப் பக்கம் மாட்டுங்கள். கணப்புக்கு ஆகும் செலவில் அது ஒரு சிறு பங்குதான். மலையூரில் விடுதி அறை எடுப்பவர்கள், ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், அதன் புகை எங்கே போகிறது என்றும் கேளுங்கள். பதில் சரியாக வராவிட்டால் கூடுதலாக ஒரு கம்பளி வாங்கிப் போர்த்திக்கொள்வதே மேல்.