கொழும்பு முற்றத்தில் தக்காளி

குளிர்தேசத்தார் தக்காளிக்குக் கண்ணாடிக் கூடம் அமைப்பது உஷ்ணத்தைக் காப்பதற்காகவே. இரவிலும் வெக்கை தணியாத கொழும்பில் அதற்கு அவசியமில்லை. வெள்ளவத்தையின் மாடிமுகப்பிலோ கொட்டாஞ்சேனையின் சிறு முற்றத்திலோ தக்காளி வளர்க்க விரும்புவோர் அஞ்சவேண்டியவை, வேரை அழுகச் செய்யும் மழையும் பூவை உதிரச் செய்யும் இரவு வெப்பமுமே ஆதலால், இவ்விரண்டும் குறைந்த காலத்தைத் தேர்ந்துகொள்வதே இச்செய்கையின் முதற் சூட்சுமமாகும்.

முதலாவது, பருவம். இரவு வெப்பநிலை 24 பாகை செல்சியசுக்கு மேல் நீடித்தால் மகரந்தம் வலுவிழந்து பிஞ்சு பிடிப்பது குறையும். மார்கழி, தை மாதங்களிலேதான் கொழும்பின் இரவுகள் 22, 23 பாகைக்கு இறங்குகின்றன. ஆகவே, ஐப்பசி கார்த்திகையின் இடிமழை ஓயும் தறுவாயில் நாற்று முற்றத்துக்கு வரவும், மழை அருகிய தை, மாசியில் செடி பூத்துக் காய்க்கவும் ஏற்றவாறு, நவம்பர் நடுவில் விதையைத் தாழ்வாரத்தின் கீழ் ஒரு தட்டில் முளைக்கவிட வேண்டும். விதை வாங்கும்போது, வாடல் நோயைத் தாங்கவல்லதென விவசாயத் திணைக்களம் வெளியிட்டிருக்கும் 'திலின' இனத்தைக் கேட்டு வாங்குவது விவேகம்.

இரண்டாவது, இடமும் பாத்திரமும். நாளொன்றுக்கு 6 மணி நேரமாயினும் நேர்வெயில் விழவேண்டும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்று இலையோரத்தைக் கருக்கிவிடுமாகையால் மதிலின் மறைவும், கொட்டாஞ்சேனையின் நெருங்கிய சுவர்களிடையே வெயில் எட்டும் மொட்டைமாடியும் உகந்தவை. 20 லீற்றர் பெயின்ற் வாளியொன்றை நன்கு கழுவி, அடியில் ஐந்தாறு துளைகளிட்டு, மண், கூட்டெரு, தும்புத்தூள் மூன்றையும் சம அளவிற் கலந்து நிரப்பி, இரண்டு செங்கல்லின்மேல் நிறுத்தவேண்டும். அடியில் தட்டு வைத்தலாகாது. அதில் தேங்கும் நீர் டெங்கு நுளம்புக்குப் பிறப்பிடமாவதோடு, 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குக்கும் இடமளிக்கும்.

மூன்றாவது, நடுகை. நான்கைந்து இலை விட்ட நாற்றை, அடியிலைகளை நீக்கி, தண்டின் பாதிவரை மண்ணுள் புதையும்படி மாலையில் நடவேண்டும். புதைந்த தண்டெங்கும் புதுவேர் விடுவது தக்காளியின் சுபாவம். அப்பொழுதே நாலடி உயரக் கம்பொன்றை ஊன்றி, செடி வளர வளரப் பழந்துணிக் கீற்றினால் தளர்வாகக் கட்டிவரவேண்டும்.

நான்காவது, பரிபாலனம். காலையில், இலை நனையாமல், அடியில் நீர் ஊற்றவேண்டும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால், சுண்ணாம்புச்சத்து காய்க்குச் சீராகச் சென்றடையாமல் அதன் நுனி கறுத்து அழுகும். தேனீ அருகிய மாடிகளில், பூங்கொத்தை முற்பகலில் விரலால் மெல்லச் சுண்டிவிட்டால் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். பச்சையாக நின்ற செடி பட்டப்பகலில் திடீரெனத் துவண்டு மறுநாளும் நிமிராவிடின், அடித்தண்டை அறுத்து, கண்ணாடிக் குவளை நீரில் வெட்டுவாய் படும்படி தொங்கவிட்டுப் பார்க்கவேண்டும். சில நிமிஷங்களில் பால்நிற இழை வடியுமாயின் அது பற்றீரியா வாடல். அதற்கு மருந்தில்லை, செடியை மண்ணோடு அகற்றுவதே வழி.

ஐந்தாவது, அறுவடை. அணிலும் காகமும் முந்திக்கொள்ளாதபடி, காயில் செம்மை ஏறத்தொடங்கியதுமே பறித்து, குளிர்சாதனப் பெட்டியிலன்றி அடுக்களை நிழலில் பழுக்கவைத்தால் சுவை குன்றாது. செய்கை முடிந்த மண்ணில் அடுத்த வருஷம் தக்காளியையோ அதன் குடும்பத்தவையான கத்தரி, மிளகாயையோ நடாமல், கீரையோ வெண்டியோ இடுவது உத்தமம்.