சுண்ணாம்புக்கல்லும் வாயுக் கணக்கும்

க.பொ.த. உயர்தர வகுப்பில் இரசாயனவியல் கற்கும் பிள்ளைகளுட் பலர் பீசமானக் கணக்கைக் கண்டதும் பேனையைக் கீழே வைத்துவிடுகின்றனர். சூத்திரங்கள் மனப்பாடமாயிருக்கும், எதை எங்கே பிரயோகிப்பது என்பதுதான் தெரியாது. மிகச் சிறிய புள்ளி வித்தியாசத்திற் பல்கலைக்கழக வாய்ப்பை இழக்கும் பிள்ளைகள் உள்ள நம் நாட்டில் இது சிறிய விடயமன்று.

நமக்குப் பழக்கமான ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்துள்ளது. காங்கேசன்துறையில் 1950 இல் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்ததும் இக்கல்லை நம்பியே. கல்லைச் சூளையிலிட்டுச் சுட்டால், அதிலுள்ள கல்சியம் காபனேற்று பிரிந்து, சுட்ட சுண்ணாம்பாகிய கல்சியம் ஒட்சைட்டையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் தருகிறது. ஒரு மூல் காபனேற்றிலிருந்து ஒரு மூல் வாயு கிடைக்கும்.

இனி வினா: நூற்றுக்கு 80 பங்கு கல்சியம் காபனேற்று உள்ள 50 கிராம் கல்லை முற்றாகச் சுட்டால், 27 பாகை செல்சியசிலும் 100,000 பஸ்கால் அமுக்கத்திலும் எத்தனை இலீற்றர் வாயு கிடைக்கும்? (கல்லிலுள்ள ஏனைய பொருட்கள் வாயு எதனையும் தரா எனக் கொள்க.)

முதலிற் கிராமை மூலாக்க வேண்டும். தராசு கிராமிற் பேசும். தாக்கமோ மூலிற் பேசும். தூய காபனேற்று 40 கிராம். அதன் மூலர்த்திணிவு 40, 12, 48 ஆகியவற்றின் கூட்டுத்தொகையாகிய 100. ஆகவே 0.4 மூல் காபனேற்று, வாயுவும் 0.4 மூல்.

இதன் பின்னரே வாயுச் சமன்பாடு வருகிறது. அமுக்கத்தைக் கனவளவாற் பெருக்கினால், மூல் எண்ணிக்கை, வாயு மாறிலி, தனி வெப்பநிலை ஆகிய மூன்றின் பெருக்கத்துக்குச் சமன். எனவே கனவளவு = 0.4 × 8.314 × 300 ÷ 100,000 = 0.00998 கன மீற்றர், அதாவது 9.98 இலீற்றர்.

300 எப்படி வந்தது? 27 உடன் 273 ஐக் கூட்டினோம். இதை மறந்து 27 ஐயே இட்டால் விடை 0.9 இலீற்றர் ஆகிவிடும். இவ்வழுவைக் கண்டுபிடிக்க ஓர் இலகுவான வழி உண்டு. இந்நிலைமையில் எந்த வாயுவாயினும் ஒரு மூல் ஏறத்தாழ 25 இலீற்றர் இடத்தைக் கொள்ளும். 0.4 மூலுக்குப் பத்து இலீற்றர் வரவேண்டும் என்பதை மனத்தாலே அறியலாம். இதற்கு அடிப்படை, சம வெப்பநிலையிலும் சம அமுக்கத்திலும் சம கனவளவுள்ள வாயுக்களிற் சம எண்ணிக்கையான மூலக்கூறுகள் உண்டு என அவகாதரோ 1811 இற் கூறிய கருத்து. இந்த இத்தாலியர் முதலிற் கற்றுப் பட்டம் பெற்றது திருச்சபைச் சட்டத்தில்! அவர் 1856 இல் இறந்து நான்காண்டுகள் கழிந்த பின்னரே, கனிசாரோ என்பவரின் முயற்சியால் அறிஞர் அக்கருத்தை மதிக்கத் தொடங்கினர்.

இதே கணக்கிலிருந்து உயிரைக் காக்கும் ஒரு விடயத்தையும் அறியலாம். 25 இலீற்றர் காபனீரொட்சைட்டின் திணிவு 44 கிராம். அதே அளவு வளியின் திணிவு ஏறத்தாழ 29 கிராம். ஆதலால் இவ்வாயு பள்ளத்திலும் பாழ்கிணற்றிலும் தங்கக்கூடும். விளக்கை இறக்கிப் பார்க்கையில் அது அணைந்தால் எவரும் இறங்கலாகாது. அணையாவிட்டாலும் ஆபத்தில்லை என்று சொல்வதற்கில்லை.

மாணவர் பெரிதும் இடறும் இடம் வேறொன்று. 10 கிராம் தூய கல்சியம் காபனேற்றுடன், இலீற்றருக்கு ஒரு மூல் செறிவுள்ள ஐதரோக்குளோரிக்கமிலம் 100 மில்லிலீற்றர் சேர்க்கிறோம். காபனேற்று 0.1 மூல், அமிலமும் 0.1 மூல். இரண்டும் சமன் என்று எண்ணி, வாயுவும் 0.1 மூல் என எழுதுவோர் பலர். சமன்பாட்டைப் பாருங்கள்: ஒரு மூல் காபனேற்றுக்கு இரண்டு மூல் அமிலம் தேவை. ஆகவே அமிலமே முதலில் முடிகிறது. காபனேற்றில் 0.05 மூல் மட்டுமே தாக்கமுற, 5 கிராம் அப்படியே எஞ்சும். வாயு 0.05 மூல், மேற்கூறிய நிலைமையில், நீரிற் கரைவதைப் புறக்கணித்தால், 1.25 இலீற்றர். இரண்டு பொருட்களின் அளவும் வினாவிற் தரப்பட்டிருந்தால், எது முதலில் முடியும் என்பதைப் பார்க்காமல் மேலே செல்ல வேண்டாம்.

பயிற்சி: 12.25 கிராம் பொற்றாசியம் குளோரேற்றை முற்றாக வெப்பப்பிரிகை செய்தால், அதே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் கிடைக்கும் ஒட்சிசனின் கனவளவு யாது? இரண்டு மூல் குளோரேற்று மூன்று மூல் ஒட்சிசனைத் தரும், மூலர்த்திணிவு 122.5. (விடை: 3.74 இலீற்றர்)