நீங்காத கால்விரல் வீக்கம்

புலால் உண்பவர்க்கும் மது அருந்துபவர்க்குமே வரும் என்று பலரும் கருதும் மூட்டுநோய் ஒன்றுண்டு. மருத்துவர் 'கவுட்' என்று குறிப்பிடும் யூரிக் அமில மூட்டுவாதமே அது. வந்தவாசி, திண்டிவனம் பக்கத்து ஊர்களிலிருந்து வந்து தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் வாழும் நம் சிராவகக் குடும்பங்களையும் அது விட்டுவைப்பதில்லை. 'நமக்கு எப்படி வரும்?' என்றெண்ணி, சுளுக்கென்று தைலம் தேய்த்தே மாதங்களைக் கழிப்போர் உளர்.

யூரிக் அமிலத்தின் பெரும்பகுதி உணவால் வருவதன்று. உடலின் உயிரணுக்கள் சிதைவதால் உண்டாவது. சிறுநீரகம் அதனைப் போதிய அளவு வெளியேற்றாதபோது குருதியில் தேங்குகிறது. 100 மில்லி லிட்டரில் 6.8 மில்லிகிராமைக் கடந்தால், ஊசி போன்ற படிகங்களாக மூட்டில் படியக்கூடும். நள்ளிரவில் கால் பெருவிரல் சிவந்து வீங்கும். போர்வை பட்டாலும் பொறுக்கவொண்ணாது. ஒன்றிரண்டு வாரங்களில் இது பெரும்பாலும் தணியும். தணியாமல் நீண்டாலோ, அடிக்கடி திரும்பினாலோ, படிகங்கள் கரையாமல் இருக்கின்றன என்பதே பெரும்பாலும் பொருள். வலியுள்ள நாளில் குருதிச் சோதனை இயல்பான அளவைக் காட்டுவதும் உண்டு. வலி தணிந்து இரண்டு வாரம் சென்றபின் மீண்டும் பார்த்தல் நலம்.

பருப்பை அறவே விலக்குமாறு சொல்வாருளர். 47,150 ஆடவரைப் பன்னிரண்டு ஆண்டுகள் கவனித்து 2004இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, இறைச்சியும் மீனும் இந்நோயை மிகுவிப்பதையும், பருப்பும் கீரையும் அவ்வாறு செய்யாமையையும் காட்டிற்று. நாம் அஞ்சவேண்டியது புட்டியில் வரும் இனிப்புப் பானங்களையே.

இனி, நமக்கே உரிய செய்தி ஒன்று. தசலட்சண பர்வத்தில் நீரும் அருந்தாது உபவாசம் இருக்கையில், உடல் தன் கொழுப்பை எரிக்கிறது. அப்போது தோன்றும் கீட்டோன்கள் யூரிக் அமிலம் வெளியேறுவதைத் தடுக்கின்றன. நீர் குறைவதால் செறிவும் கூடுகிறது. நோன்பின் இரண்டாம், மூன்றாம் நாளில் விரல் வீங்குவதற்கு இது காரணமாகலாம். பதினாறு பாவனைகளுள் ஒன்று 'சக்திக்கேற்ற தவம்' என்பதை நாம் மறத்தல் ஆகாது. இந்நோயுடையோர் மருத்துவரைக் கலந்து, காய்ச்சி ஆற்றிய நீருடன் ஏகபுக்தம் மேற்கொள்ளலாம். இரவில் நீரருந்தாதோர் பகலிலேயே போதிய அளவு பருகிவிட வேண்டும்.

வலியைத் தணிக்கும் கொல்சிசின் என்னும் மருந்து நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலிருந்தும் எடுக்கப்படுகிறது. அதற்காக அதன் கிழங்கை வீட்டில் அரைத்துக் குடித்தல் உயிருக்கே கேடு. அது கொடிய நஞ்சு.

அல்லோபியூரினால் என்பது வலி மாத்திரையன்று; யூரிக் அமிலம் உண்டாவதைக் குறைப்பது. குறைந்த அளவில் தொடங்கி, குருதியில் 6க்குக் கீழ் வரும்வரை மருத்துவர் சிறிது சிறிதாகக் கூட்டுவார். முதல் சில மாதங்களில் படிகங்கள் கரையும்போதே வலி மீண்டும் வருவதுண்டு. 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று பலர் நிறுத்திவிடுவது அப்போதுதான். நோய் நீடிப்பதும் பெரும்பாலும் அதனாலேயே. ஆயினும் மாத்திரை தொடங்கியபின் தோலில் தடிப்பு எழுந்தால், உடனே நிறுத்தி மருத்துவரைக் காணுதல் வேண்டும்.

தாம்பரம் சானடோரியம் 1928இல் காசநோயாளிக்கென ஏற்பட்டது. அந்நோய்க்குத் தரும் பைரசினமைடு மாத்திரையும், இரத்த அழுத்தத்திற்குத் தரும் சில நீர்பிரி மாத்திரைகளும் யூரிக் அமிலத்தைக் கூட்டவல்லவை. தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிறுநீரகக் குறையுடையோர் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குதல் கூடாது. மூட்டு வீக்கத்தோடு காய்ச்சலும் குளிரும் கண்டால், அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.